நாலாம் நம்பர் பிஸ்டன்

— இதுல என்ன நம்பர் அடிச்சிருக்கு, படிங்க மாமா.

— ஏன் மாப்ள, உனக்குப் படிப்பு மறந்துபோச்சா?

— எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுதான்னுதான் கேக்குறேன்.

— நல்லா இருக்கே கதை. ஒரு வருஷமா என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன மகராசன், இன்னிக்கு டயர் செக்சன்லருந்து நடந்து வந்து அக்கா புருஷனுக்குப் பரீட்சை வைக்கிறாரு. குடு இப்படி.

— நகத்தால சுரண்டாதீங்க. கண்ணால பாத்துச் சொல்லுங்க.

— எண்ணெய் ஒட்டியிருக்கு. தொடைக்கிறேன்.

— தொடச்சுதான் குடுத்தேன்.

— இது ராடுக்கு அடியில மாட்டுற கேப்பு, ஆனா என் இன்ஜினோடது இல்ல. எங்கருந்து தூக்கிட்டு வந்த?

— பஸ் டிப்போ வாசல்ல பழைய இரும்பு போடுற டிரம் இருக்குல்ல, அதுலருந்து எடுத்தேன். உங்களுது இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது?

— புள்ளி இல்லியே.

— அதத்தான் கேக்க நினைச்சேன். இப்பதான் உங்க மேசையயும் ஸ்டாண்டுல இருக்கிற இன்ஜினையும் பாத்தேன். பிஸ்டனத் தாங்குற ஒவ்வொரு கனெக்டிங் ராடுலயும், அதோட கேப்புலயும் சென்டர் பஞ்சால புள்ளி குத்தி வச்சிருக்கீங்க. ஒண்ணாம் நம்பருக்கு ஒரு புள்ளி, ஆறாம் நம்பருக்கு ஆறு புள்ளி. கம்பெனிக்காரனே நம்பர் அடிச்சு அனுப்புறான். அப்புறம் எதுக்கு மாமா புள்ளி?

— என் இன்ஜின், என் பஞ்ச். புள்ளியும் குத்துவேன், பூவும் வரைவேன். உனக்கென்ன?

— தடவிப் படிக்கிறதுக்குத்தான புள்ளி?

— மெதுவாப் பேசு. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஃபோர்மேன் உக்காந்திருக்காரு.

— அப்ப நிஜம்தானா?

— யாரு உன்ன அனுப்புனது?

— அக்காதான் காலைல ஃபோன் பண்ணா. நேத்து நீங்க பக்கத்து வீட்டுப் பூட்டுல சாவியப் போட்டு ரொம்ப நேரம் குடைஞ்சுக்கிட்டு நின்னீங்களாம். அந்த வீட்டம்மா உள்ளருந்து திருடன்னு கத்துச்சாம்.

— குவாட்டர்ஸ்ல எல்லாக் கதவும் ஒரே பச்சை. கட்டுனவன் சிக்கனக்காரன். என் மேல என்ன தப்பு?

— டீய டம்ளருக்கு வெளிய ஊத்துறீங்களாம். சோத்துத் தட்டத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கை வைக்கிறீங்களாம். கேட்டா எரிஞ்சு விழுறீங்களாம். "உன் மாமாவுக்கு என்னமோ ஆயிருக்கு, நீ பேசாட்டியும் பரவால்ல, தள்ளி நின்னு ஒரு தடவ பாத்துட்டு வா"ன்னு அழுதா. தள்ளி நின்னு பாத்தேன். மேசை மேல கண்ணுக்கு முன்னாடி கெடந்த ஸ்பேனர ரெண்டு கையாலயும் துழாவித் தேடுனீங்க. அதுக்கப்புறம் என்னால தள்ளி நிக்க முடியல.

— அவ கிட்ட சொல்லிட்டியா?

— இன்னும் இல்ல.

— சொல்லாத. கேட்டுக்கோ, அவ கிட்ட மட்டும் சொல்லாத.

— எவ்வளவு தெரியுது?

— ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நடுவுலதான் புகை மாதிரி ஒண்ணு நிக்குது. எத நேராப் பாக்குறேனோ அத மறைச்சிருது. இப்ப உன்ன நேராப் பாத்தா ரெண்டு காது மட்டும் இருக்கு, மூஞ்சி இல்ல. ஒண்ணும் பெரிய நஷ்டமில்ல.

— சிரிக்காதீங்க மாமா.

— அழுதா மட்டும் தெளிஞ்சுருமா?

— டாக்டர் கிட்ட போனீங்களா?

— போனேன். தனியாத்தான் போனேன். சர்க்கரையால கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கசியுதாம். ஊசி போட்டாரு. அப்புறமும் போட்டாரு. கடைசியாப் போனப்ப ஊசிய எடுக்கவே இல்ல. போனது போனதுதான், இருக்கிறத வச்சுக் காலத்த ஓட்டுங்கன்னாரு. என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாரு. வாட்ச்மேன்னு சொன்னேன்.

— ஏன்?

— பஸ்ஸுக்கு இன்ஜின் மாட்டுறேன்னு சொன்னா அந்த மனுஷன் வீட்டுக்கு எப்படிப் போவாரு? பஸ்லதானே போகணும்?

— உங்களுக்கே அது புரியுதுல்ல?

— புரியாமயா புள்ளி குத்துறேன்?

— ஹெல்பர் ஒருத்தன் இருந்தானே, அவன் எங்க?

— நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். சோம்பேறி, தூங்குறான்னு ஏதோ சொல்லித் தள்ளி விட்டேன். பாவம், நல்ல பையன். கூடவே நின்னான்னா கண்டுபிடிச்சிருவான்ல.

— அப்ப ஆறு சிலிண்டரையும் தனியாளா மாட்டுறீங்களா?

— விரல் இருக்குடா. பேரிங் ஷெல்லோட நாக்கு அதோட பள்ளத்துல உக்காந்துச்சான்னு விரல் சொல்லும். பிஸ்டனச் சுத்தியிருக்கிற ரிங்கோட வாய் எல்லாம் ஒரே நேர்ல நிக்குதா, மாறி மாறி நிக்குதான்னு விரல் சொல்லும். பிஸ்டன் தலையில அம்புக்குறி இருக்கே, அது இன்ஜினோட முன்பக்கத்தப் பாக்குதா பின்பக்கத்தப் பாக்குதா, அதயும் விரல்தான் சொல்லும். போல்ட் சரியான இறுக்கத்துக்கு வந்ததும் டார்க் ரெஞ்சு தானாவே 'டக்'னு குரல் குடுக்குது. காது எனக்கு நாய்க்காது. கண்ணுக்கு இந்த வேலையில என்ன பெரிய ஜோலி இருக்கு சொல்லு?

— விரல்ல ரத்தம்.

— எங்க?

— வலது கை ஆள்காட்டி விரல். ரிங் கிழிச்சிருக்கு. ரொம்ப நேரம் ஆயிருச்சு போல, காஞ்சு கருத்துப் போச்சு. உங்களுக்கு வலிக்கலியா?

— எருமைத் தோலு மாப்ள. எத்தன வருஷம் டீசல்ல ஊறுனது. இது கூட வலிச்சா நான் எப்படிக் குப்பை கொட்டுறது? அந்தத் துணிய எடு.

— இந்தாங்க. அது கிரீஸ் துணி, இத வச்சுக்கோங்க.

— எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடி. உங்க குடும்ப ரத்தம் அது. உங்கக்காவும் இப்படித்தான்.

— மாமா, நான் நேராவே கேக்குறேன். என்னை எதுக்கு இந்த செக்சன்லருந்து தூக்குனீங்க?

— பழசக் கிளறாத.

— கிளறத்தான் போறேன். ரெண்டாம் நம்பர் கேப்ப மூணுக்கும், மூணாம் நம்பர் கேப்ப ரெண்டுக்கும் மாத்திப் போட்டேன். தப்புதான், இல்லன்னு சொல்லல. அன்னிக்கு என் பொண்ணுக்குக் காய்ச்சல், மனசு ஒரு நிலையில இல்ல. இன்ஜினுக்கு அடியில எண்ணெய் சம்ப்ப மூடுறதுக்கு முன்னாடியே நீங்க பாத்துட்டீங்க. காதோட காதா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கழட்டி மாத்தியிருப்பேன். நீங்க நேரா ஃபோர்மேன் ரூமுக்குப் போனீங்க. என்னைத் தாண்டித்தான் போனீங்க.

— போனேன்.

— அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி என்ன சொன்னீங்க?

— ஞாபகமில்ல.

— எனக்கு இருக்கு. "ராடும் கேப்பும் ஒண்ணா வச்சுத் துளை கடையுறது. ஒண்ணோட கேப்ப இன்னொண்ணுக்குப் போட்டா மாட்டுனாப்லதான் இருக்கும். சுமை ஏறுனதும் பேரிங் கருகிரும், ராடு இன்ஜின் பிளாக்க உடைச்சுக்கிட்டு வெளிய வரும், எண்ணெய் மொத்தமும் பின்டயருக்கு அடியில கொட்டும். அம்பது பேர் உக்காந்திருக்கிற வண்டி. மச்சான்னு பாத்தா முடியுமா?" இதான் நீங்க சொன்னது. ஒரு வார்த்தை விடாம மனசுல வச்சிருக்கேன். டயர் செக்சன்ல ஒவ்வொரு நட்டக் கழட்டுறப்பயும் அதத்தான் நினைச்சுக்குவேன்.

— அன்னிக்கு நான் சொன்னதுல தப்பு ஏதும் இருக்கா?

— இல்ல. அதான் கேக்குறேன். அத இப்ப உங்களுக்கே ஒரு தடவ சொல்லிப் பாருங்க.

— சொல்லிப் பாக்காமலா இருப்பேன்? தினமும்தான் சொல்லிக்கிறேன். அதுக்கு என் கிட்ட ஒரு பதிலும் இருக்கு.

— என்ன பதில்?

— அப்புறம் சொல்றேன். நாலு பிஸ்டன் உள்ள போயாச்சு. அஞ்சும் ஆறும் பாக்கி. வந்ததுதான் வந்த, கீழ குனி.

— நான் வேலை செய்ய வரல. ஃபோர்மேன் கிட்ட போகலாம், நானும் கூட வர்றேன். நீங்களா சொன்னா மரியாதை.

— சொன்னா? சொன்னதும் எந்திரிச்சு நின்னு கும்பிடுவாரா? கண்ணு தெரியாதவனுக்கு இங்க எந்த நாற்காலி போட்டு வச்சிருக்காங்க? மறுநாளே குவாட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உங்கக்கா அந்த வீட்டுலதான் கல்யாணமாகி வந்து இறங்குனா. குளிக்கிற ரூம்ல எந்த ஓடு ஆடும்னு அவ காலுக்குத் தெரியும். எனக்கும் அந்த வீடுன்னா சுவத்தப் பிடிக்காம நடந்துருவேன். புது வீட்டுல நான் ஒரு மூட்டை, அவ்வளவுதான். எங்க எடுத்து வைக்கிறதுன்னு எல்லாரும் யோசிப்பீங்க.

— என் வீட்டுக்கு வாங்க.

— உன் ரெண்டு ரூம் வீட்டுல என்னை எங்க வைப்ப, கட்டிலுக்கு அடியிலயா? விடு மாப்ள. கையக் குடு, வேலை முடியட்டும். முடிஞ்சதும் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.

— இந்த ஒரு இன்ஜினோட நிறுத்திக்குவீங்களா?

— கீழ குனின்னு சொன்னேன்.

— சரி. குனிஞ்சுட்டேன். கிராங்க் தண்டு கீழ இருக்கு, எடம் இருக்கு.

— ராடு போல்ட் ரெண்டுலயும் ரப்பர் ட்யூப் மாட்டியிருக்கேன். கிராங்க்க உரசிராம பாத்துக்க.

— ஒண்ணுலதான் இருக்கு.

— ரெண்டுலயும் மாட்டுனேனே.

— இன்னொண்ணு தரையில கெடக்கு. இருங்க, நான் மாட்டிக்கிறேன். ஆங், ஆச்சு.

— விழுந்திருக்கும். சிலிண்டர் லைனர்ல எண்ணெய் தடவியாச்சு. ரிங்க அமுக்குற கம்ப்ரஸரச் சுத்தி இறுக்கியாச்சு. நீ 'ம்' சொன்னா நான் சுத்தியல் கைப்பிடியால தட்டுறேன்.

— அம்புக்குறி?

— முன்னாடி பாக்குது. தடவிப் பாத்துட்டேன்.

— நான் ஒரு தடவ எந்திரிச்சுப் பாத்துக்கிறேன்.

— பாரு, பாரு. உன் திருப்திக்கு.

— சரியாத்தான் இருக்கு.

— இருக்கும்னு சொன்னேன்ல?

— ம். தட்டுங்க. ம். ம். நில்லுங்க.

— என்ன?

— நில்லுங்க, தட்டாதீங்க. ரெண்டாவது ரிங் கம்ப்ரஸர விட்டு வெளிய நிக்குது. இன்னும் ஒரு அடி அடிச்சிருந்தா உடைஞ்சிருக்கும். தட்டுறப்ப கைல முட்டுறது தெரியலியா மாமா?

— தெரிஞ்சுது. நீ சொல்றியான்னு பாத்தேன்.

— மாமா.

— சரி, தெரியல. போதுமா? கூட ஆள் நின்னா கவனம் சிதறுது. கம்ப்ரஸரக் கழட்டி மறுபடி மாட்டு, நீயே மாட்டு.

— இறுக்கிட்டேன். இப்ப தட்டுங்க. ம். ம். ம். வருது. மெதுவா. ராட நான் பிடிச்சுட்டேன். கிராங்க்ல உக்காந்துருச்சு.

— அந்தச் சத்தம் இருக்கே, எண்ணெயோட 'சளக்'குன்னு போய் உக்காருற சத்தம். அதக் கேட்டுட்டுத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

— கேப்பு குடுங்க. அஞ்சு புள்ளி.

— இந்தா.

— இது ஆறு.

— அப்ப அது பக்கத்துல இருக்கும். எடுத்துக்க.

— மாமா, புள்ளியயே தப்பா எண்ணுறீங்க.

— ஒரு புள்ளி சரியா விழுந்திருக்காது. பஞ்ச் மழுங்கிப் போச்சு. எடுத்துக்கன்னா எடுத்துக்க, அஞ்ச எடுத்து அஞ்சுக்குப் போடு. ரெண்டு பக்கப் புள்ளியும் ஒரே பக்கமா நிக்கணும்.

— தெரியும். மாட்டிட்டேன். போல்ட் கையால ஏறுது. ரெஞ்சு நீங்க பிடிக்கிறீங்களா?

— குடு. அதையாவது குடு. டக். கேட்டுச்சா? இன்னொண்ணு. டக். எப்படி?

— நல்லா இருக்கு.

— உன் கூட சேந்து வேலை செஞ்சு ஒரு வருஷமாச்சுல்ல? உன் 'ம்'ல ஒண்ணும் மாறல. முன்ன மாதிரியே மூக்கால சொல்ற.

— கைல எண்ணெய் பட்டே ஒரு வருஷமாச்சு மாமா. டயர் செக்சன்ல தூசிதான். வீட்டுக்குப் போனா என் கை நாத்தமே எனக்கு வேற யாரோடதோ மாதிரி இருக்கும்.

— தெரியும். உன்ன அங்க தள்ளுனது எனக்கும் உறுத்தாம இல்ல. வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். கௌரவம் விடல. ஒரே குடும்பம், ஒரே காம்பவுண்டு, பேச்சு மட்டும் இல்ல. உங்கக்கா நடுவுல கெடந்து நசுங்குனா.

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— ஒரு பதில் இருக்குன்னு சொன்னேன்ல, அதச் சொல்றதுக்குத்தான். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது. திறந்தா எனக்கு வெக்கமாயிரும், பாதியில நிறுத்திருவேன்.

— சொல்லுங்க.

— கண்ணு மங்க ஆரம்பிச்சப்ப பயந்தேன் மாப்ள. நிஜமாவே பயந்தேன். ராத்திரி குவாட்டர்ஸ் ஜன்னல்ல நின்னுக்கிட்டு, கடைசி பஸ்ஸு வர்ற வரைக்கும் காதக் குடுத்துக்கிட்டே இருப்பேன். சத்தத்த வச்சே இது நான் மாட்டுனது, இது அடுத்தவன் மாட்டுனதுன்னு எனக்குத் தெரியும். எல்லாம் வந்து சேந்தப்புறம்தான் படுப்பேன். அப்பதான் ஒரு முடிவுக்கு வந்தேன், நாமளே போய்ச் சொல்லிருவோம்னு. அன்னிக்கு நீ கேட்ட அதே வார்த்தைய எனக்கே சொல்லிக்கிட்டேன். சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு ஃபோர்மேன் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

— அப்புறம்?

— வாயத் திறக்காதன்னேன்ல. போற வழியில நம்ம செக்சன்ல லைட் எரியுது. ஷிஃப்ட் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு, இங்க யாருக்கும் வேலை இல்ல. ஓரக்கண்ணால பாத்தேன். என் இன்ஜின் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஆளு குனிஞ்சு நிக்குறான். மூஞ்சி எனக்கு எங்க தெரியப் போகுது? ஆனா அந்த நேரத்துல காம்பவுண்டுக்குள்ள இருக்கிறது டயர் செக்சன் ரெண்டாவது ஷிஃப்ட் மட்டும்தான். டயர் செக்சன்ல இன்ஜின் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்.

— மாமா—

— பொறு. நான் ஒண்ணும் ஏமாளி இல்ல, சோதிச்சுத்தான் பாத்தேன். மறுநாள் சாயந்திரம் நாலாம் நம்பர் பிஸ்டன வேணும்னே திருப்பி மாட்டுனேன். அம்புக்குறி பின்பக்கம் பாக்க. மேல மூடுற ஹெட் மாட்டல, அப்படியே திறந்து வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். விடிஞ்சதும் வந்தேன். ஸ்டோர்கீப்பர் டீ குடிச்சுக்கிட்டே இந்தப் பக்கம் வந்தாரு. சும்மா விளையாட்டுக்குக் கேக்குற மாதிரி, "நாலாம் நம்பர் அம்பு எந்தப் பக்கம் பாக்குது சொல்லுங்க, பந்தயம்"னேன். குனிஞ்சு பாத்துட்டு, "மத்ததெல்லாம் எந்தப் பக்கமோ அதுவும் அந்தப் பக்கம்தான், முன்பக்கம்"னாரு. கேட்டுக்கோ, முன்பக்கம். ராத்திரியில யாரோ கேப்பக் கழட்டி, பிஸ்டன வெளிய எடுத்து, திருப்பி, மறுபடி மாட்டி, இறுக்கி வச்சுட்டுப் போயிருக்காங்க. என் தப்ப என் கிட்ட கூட சொல்லாம. ஃபோர்மேன் கிட்ட போகாம. நான் உனக்குச் செய்யாதத நீ எனக்குச் செஞ்சிருந்த.

— மாமா, கொஞ்சம் நான் சொல்றத—

— சொல்லாத. வேணாம். நீ சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. அன்னிக்கு ஸ்டோர் ரூம்ல ஃபில்டர் பெட்டிங்களுக்கு நடுவுல உக்காந்து அழுதேன். என் அம்மா செத்தப்ப கூட அப்படி அழல. இவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான், ஆனா ராத்திரியில வந்து என் மானத்தக் காப்பாத்துறான். இப்படி ஒருத்தன் பின்னாடி நிக்கிறப்ப நான் ஏன் பயப்படணும்? அன்னிக்கே பயம் விட்டுப் போச்சு. ஜன்னல்ல நிக்கிறத நிறுத்திட்டேன். சாப்பிட்டதும் படுத்துர்றேன். உங்கக்கா கிட்ட கேட்டுப் பாரு, குறட்டை தாங்க முடியலம்பா.

— அதுக்கப்புறம் எத்தன இன்ஜின் மாட்டுனீங்க?

— எண்ணுறத விட்டுட்டேன். எண்ணிக்கை உன் கிட்ட இருக்கும்.

— எந்த ரூட்டு வண்டிங்க மாமா?

— முன்னெல்லாம் மலை ரூட்டு வண்டின்னா ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பேன். இப்ப நானே கேட்டு வாங்குறேன். ஃபோர்மேனுக்கு ஒரே சந்தோஷம். உங்க கை பட்டா நான் திறந்து கூட பாக்க வேணாம்னு சொல்லி, பாக்காமயே அனுப்பிடறாரு. அந்த மனுஷனுக்கு என்ன தெரியும், நீ பாத்திருப்பன்னு எனக்குத் தெரியும்ல.

— கொஞ்சம் உக்காருங்க.

— ஏன், நான் நல்லாத்தான நிக்கிறேன். ஆறாம் நம்பர் இன்னும் பாக்கி இருக்கு.

— அது இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்குச் சாயந்திரம் நாலாம் நம்பர மாட்டுறப்ப, அம்பு பின்பக்கம் பாக்குதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?

— எப்படின்னா? விரலால தடவிப் பாத்தேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவ. பின்பக்கம்தான்.

— கண்ணால பாக்கல.

— நான் எங்கடா கண்ணால பாக்குறது?

— வேற யாராச்சும் பாத்தாங்களா, அன்னிக்குச் சாயந்திரம்?

— யாரும் இல்ல. என் விரல் போதாதா?

— ரிங் கிழிச்சதே தெரியாத விரல்தான மாமா. காலைல நீங்க தடவிப் பாத்தீங்களா?

— இல்ல. ஸ்டோர்கீப்பர்தான் சொன்னாரே. ஏன் உன் குரல் ஒரு மாதிரி போகுது? நான் இத உன் வாயால சொல்லச் சொல்லல மாப்ள. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். இத்தன நாளா நாக்குல வரல. இப்ப சொல்லியாச்சு, நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிருச்சு. இனி நீ பேசலாம்.

— ராத்திரி எங்க செக்சன முடிச்சுட்டு இங்க லைட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறது தரை கழுவுற ஆளு. ஸ்டாண்டுக்கு அடியில எண்ணெய் சொட்டும்ல, அதக் குனிஞ்சு தேய்ப்பாரு.

— இருக்கட்டும். அவரு தரையத்தான் கழுவுவாரு, பிஸ்டனையா திருப்புவாரு? அத நீதான திருப்புன?

— மாமா.

— சொல்லு. நீதான?

— உங்க மேல இருந்த கோவத்துல ஒரு வருஷமா இந்த வாசப்படிய நான் மிதிக்கவே இல்ல; இன்னிக்குத்தான் உள்ள வர்றேன்.